கூலிக்கு வாசித்த கிட்டார்கள்

ஜமைக்காவின் ரெகே இசை உலகைச் சுற்றி வந்தது. அதை உருவாக்கிய விரல்களுக்குக் கிடைத்ததோ பாட்டுக்கு இவ்வளவு என்ற கூலி. கிங்ஸ்டன் நகரத் தெருக்களின் வழியே ஒரு கிட்டார் கலைஞரின் கதை.

கிங்ஸ்டனின் சபைனா பார்க் மைதானத்தை இந்தியக் கிரிக்கெட் ரசிகர்கள் அவ்வளவு எளிதில் மறக்கமாட்டார்கள். 1976 ஏப்ரலில் அங்கே நடந்த டெஸ்டில் அன்ஷுமன் கெய்க்வாடின் காது, விஸ்வநாத்தின் விரல், பிரிஜேஷ் படேலின் வாய் என்று ஒவ்வொன்றாக அடிபட்டன. இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் மட்டை பிடிக்க முடியாத நிலையில், 97 ரன்களோடு இந்தியாவின் ஆட்டம் முடிந்தது.

அதே மாதம் 30ஆம் தேதி, அதே ஊரில் பதிவான ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பாப் மார்லியின் 'ராஸ்தமன் வைப்ரேஷன்'. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எட்டாவது இடம்வரை அது ஏறியது. மார்லியின் வாழ்நாளில் அந்நாட்டின் முதல் பத்துக்குள் நுழைந்த அவருடைய இசைத்தட்டு அது ஒன்றுதான். அதில் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவருக்கு அப்போது வயது 20. பெயர் ஏர்ல் 'சின்னா' ஸ்மித்.

பெயரைப் பார்த்துவிட்டு, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப்போன தமிழ்க் குடும்பத்தின் வாரிசோ என்று சந்தேகிக்கத் தோன்றும். சந்தேகத்தில் நியாயமும் உண்டு. 1845இல் ஓல்ட் ஹார்பர் வளைகுடாவில் முதல் கப்பல் ஒதுங்கியது தொடங்கி 1917 வரை 36,000க்கும் அதிகமான இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆனால் இந்தச் சின்னாவுக்கும் நம் சின்னானுக்கும் சம்பந்தமில்லை. ஸ்மித்தின் தந்தை, நம்மூர் சவுண்ட் சர்வீஸ் போல, பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி நடனத்துக்குப் பாட்டுப் போடுபவர். ஞானத்தந்தையோ ஆம்ப்ளிஃபயர் செய்பவர். அவர்களைப் பார்த்துத் தானும் அதுபோலவே செய்துகொண்டிருந்த சிறுவனை 'ட்யூனர்' என்று கூப்பிட்டார்கள். அது 'ட்யூனா'வாகி, 'சூனா'வாகி, கடைசியில் 'சின்னா'வில் வந்து நின்றதாகச் சொல்கிறார்கள்.

அவர் வாசித்த இசைத்தட்டுகள் ஏராளம். ஆனால் ஜமைக்காவைத் தாண்டி அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இந்த முரண் அவருடையது மட்டுமல்ல, அந்த நகரத்தினுடையதும்கூட.

ஊது கருவிக்குப் பள்ளி உண்டு

சபைனா பார்க்கை ஒட்டிச் செல்லும் சவுத் கேம்ப் ரோட்டில் வடக்கே நடந்தால் ஆல்ஃபா பள்ளி வருகிறது. கன்னியாஸ்திரீகள் நடத்திய இந்த இடத்தில் ஆதரவற்ற சிறுவர்களுக்கும் அடங்காத சிறுவர்களுக்கும் அச்சுத் தொழில், தையல், தச்சு வேலையோடு பேண்டு வாத்தியமும் கற்றுத் தந்தார்கள். 1964இல் உருவாகி, 'ஸ்கா' என்னும் துள்ளல் இசையைத் தீவு முழுக்கப் பரப்பிய ஸ்கேட்டலைட்ஸ் குழுவின் நான்கு ஊது கருவிக் கலைஞர்கள் இங்கே வளர்ந்தவர்கள். டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட் அவர்களில் ஒருவர்.

கிட்டார்காரர்களுக்கு இப்படி ஒரு பள்ளி வாய்க்கவில்லை. இசைப் பதிவுக் கிட்டார் என்ற தொழிலுக்கு ஜமைக்காவில் அடித்தளம் போட்ட எர்னஸ்ட் ராங்லின், மலைப்பாங்கான மான்செஸ்டர் மாவட்டத்தில் 1932இல் பிறந்தவர். கிட்டார் வாசிக்கும் உறவினர்களைப் பார்த்தும் புத்தகத்தைப் படித்தும் கற்றுக்கொண்டார். பதின்ம வயதிலேயே கிங்ஸ்டனின் நடன இசைக் குழுக்களில் சேர்ந்து, உல்லாசப் பயணிகளின் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார். 1964இல் தயாரிப்பாளர் கிரிஸ் பிளாக்வெல் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே மில்லி ஸ்மால் என்ற ஜமைக்கப் பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' பாட்டுக்கு ராங்லின் இசைக்கோப்பு செய்து கிட்டாரும் வாசித்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாவது இடத்தைப் பிடித்த அந்தப் பாட்டு, 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கு. பிளாக்வெல்லின் ஐலண்ட் நிறுவனம் பெரிய நிறுவனமாக வளர அது வழி திறந்தது. மில்லியின் பெயர் உலகம் அறிந்தது. கிட்டார் யார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

எண்ணிக்கைக்கு நடுவே

ரெகேயில் கிட்டாரின் வேலை பார்வைக்கு எளிது. தாளத்தின் எண்ணிக்கை விழும் இடத்தில் வாசிப்பதில்லை. இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே 'சக்' என்று ஒரு வெட்டு. அடித்த உடனே இடது கை விரல்கள் தளர்ந்து தந்தியின் அதிர்வை அடக்கிவிட வேண்டும். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டின் சுகம் தெரியும். இங்கே பாட்டு முழுவதும், ஒரு வெட்டுக்கூட முந்தாமல் பிந்தாமல், அந்த அரை இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொரு கிட்டார், தந்தியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தபடி பாஸ் கிட்டாரின் சுரங்களைக் கூடவே தொடரும். பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் சின்னச் சின்னதாகப் பதில் சொல்லும். எல்லாம் அடக்கம்தான். தனி ஆவர்த்தனத்துக்கு இடமில்லை.

பாஸ் சுரங்களை இப்படித் தொடரும் பாணிக்குப் பெயர்போனவர் ஜமைக்காக்காரரே அல்ல. டிரினிடாட்டின் ஸான் ஃபெர்னாண்டோவில் பிறந்து, எஃகுப் பீப்பாய் வாத்தியத்தில் தொடங்கிக் கிட்டாருக்கு வந்த லின் டெய்ட், 1962இல் ஜமைக்காவின் சுதந்திர விழாவுக்கு வாசிக்க வந்தவர். பேசிய பணம் கைக்கு வராமல் குழு தவித்ததாகச் சொல்வார்கள். டெய்ட் திரும்பிப் போகவில்லை. 1966இல் ஹோப்டன் லூயிஸ் பாடிய 'டேக் இட் ஈஸி' பாட்டுப் பதிவில் ஸ்காவின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து வாசித்தார்கள். கிட்டாரும் பாஸும் மூச்சு விட இடம் கிடைத்தது. 'ராக்ஸ்டெடி' என்னும் அடுத்த பாணி பிறந்த பதிவுகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் ராக்ஸ்டெடி ரெகேயாக மாறும் நேரத்தில், 1968இல், டெய்ட் கனடாவுக்குப் போய்விட்டார். 2010இல் மான்ட்ரியாலில் இறந்தார். ஒரு நாட்டு இசையின் நடையையே மாற்றிய வெளியூர்க்காரர் அங்கே இருந்தது சுமார் ஆறு வருடங்கள்தான்.

சும்மா இருப்போர் சந்து

நகரத்தின் நடுவே பரேட் என்ற சதுக்கம். காய்கறிக் கூடைகள், பஸ் நடத்துனர்களின் கூவல், பிளாட்பாரக் கடைகள். அதன் வடக்கு ஓரத்தில் 17ஆம் எண் கட்டடத்தில்தான் ராண்டீஸ் இசைத்தட்டுக் கடை இருந்தது. மாடியில் ஒலிப்பதிவுக் கூடம். பக்கத்துச் சந்தான சான்சரி லேனுக்கு இசைக்காரர்கள் வைத்த பெயர் 'ஐட்லர்ஸ் ரெஸ்ட்', சும்மா இருப்போர் ஓய்விடம். பெயரில் கேலி இருக்கிறது. உண்மையில் அது வேலைக்காகக் காத்திருக்கும் இடம். கொத்தனார்களும் சித்தாட்களும் காலையில் சாலை முனையில் நின்று மேஸ்திரிக்குக் காத்திருப்பதுபோல, பாடகர்களும் கருவிக்காரர்களும் அங்கே தயாரிப்பாளருக்காகக் காத்திருந்தார்கள்.

தயாரிப்பாளர் கூடத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்பார். ஒரு டிரம்ஸ், ஒரு பாஸ், இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு. ஸ்வரம் எழுதிய தாள் எதுவும் கிடையாது. பாடகர் முனகிக் காட்டுவார், கிட்டார்காரர் சுருதியைப் பிடிப்பார், பாட்டின் முகப்பை அந்த இடத்திலேயே கண்டுபிடிப்பார். ஒரு நாளில் பல பாட்டுகள். பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் பணம். அதோடு கணக்கு முடிந்தது. இசைத்தட்டு நூறு விற்றாலும் லட்சம் விற்றாலும் வாசித்தவருக்கு மேற்கொண்டு வருவது எதுவும் இல்லை.

பரேடுக்கு மேற்கே வடக்கு நோக்கி ஓடும் ஆரஞ்சுத் தெரு ஒரு காலத்தில் இசைத்தட்டுக் கடைகளின் தெரு. அது போய் முடியும் பக்கமாக, கிராஸ் ரோட்ஸ் சந்திப்பை அடுத்து, ஸ்டூடியோ ஒன் இருக்கிறது. 1963இல் அதைத் திறந்த 'காக்ஸன்' டாட், கருவிக்காரர்களை வாரச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். தினக் கூலியைவிட அது மேல். ஆனால் அங்கே பதிவான வாத்திய இசையின் உரிமை கூடத்துக்கே. 1967இல் பதிவான 'ரியல் ராக்' என்ற ஒரே தாளக்கட்டின் மேல் அதற்குப் பிறகு வேறு வேறு பாடகர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பாடிவிட்டார்கள். லண்டனின் கிளாஷ் குழு 1979இல் பதிவுசெய்த பாட்டு ஒன்றும் அதன் வழி வந்ததுதான். 2004இல் பிரென்ட்ஃபோர்டு ரோட்டுக்கு ஸ்டூடியோ ஒன் புலவார்டு என்று பெயர் மாற்றினார்கள். விழா முடிந்த சில நாட்களில் டாட் இறந்தார்.

வெளிநாட்டார் இந்த விரல்களைத் தேடி வந்ததும் உண்டு. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ரெகே ருசியில் ஒரு பாட்டு செய்ய விரும்பியபோது நியூயார்க்கில் ஆள் தேடவில்லை. நேராகக் கிங்ஸ்டனின் டைனமிக் சவுண்ட்ஸ் கூடத்துக்கு வந்தார். 1972இல் வெளியான 'மதர் அண்ட் சைல்ட் ரீயூனியன்' பாட்டில் முன்னணிக் கிட்டார் ஹக்ஸ் பிரவுன். அமெரிக்காவில் நான்காவது இடம்வரை போன பாட்டு அது. பிரவுன் பிற்பாடு டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழுவோடு பல ஆண்டுகள் உலகம் சுற்றினார். 2020இல் கலிஃபோர்னியாவில் காலமானார்.

ஒரே ஆட்கள், பல பெயர்கள்

நகரத்தின் மேற்கே கடலோரம் கிரீன்விச் டவுன். மீனவர்களின் கரை, தகரக் கூரைகள், ராஸ்தஃபாரிகளின் குடில்கள். சின்னா ஸ்மித் வளர்ந்த பேட்டை இது. ஃபுல்லி ஃபுல்வுட் பாஸ், சாண்டா டேவிஸ் டிரம்ஸ், டோனி சின் தாளக் கிட்டார் என்று அமைந்த ஸோல் ஸிண்டிகேட் குழுவில் இளம் வயதிலேயே சேர்ந்து முன்னணிக் கிட்டார் வாசித்தார்.

1970களின் நடுவில் அந்தக் குழு இல்லாமல் கிங்ஸ்டனில் ரெகே இல்லை என்ற நிலை. ஆனால் இசைத்தட்டில் ஸோல் ஸிண்டிகேட் என்ற பெயர் அபூர்வமாகத்தான் இருக்கும். பன்னி லீ என்ற தயாரிப்பாளருக்கு வாசித்தால் பெயர் 'அக்ரோவேட்டர்ஸ்'. அது அவருடைய கடைப் பெயரிலிருந்து வந்தது. ஜாக் ரூபி என்பவருக்காக பர்னிங் ஸ்பியரின் 'மார்க்கஸ் கார்வி' இசைத்தட்டில் 1975இல் சின்னாவும் டோனி சின்னும் வாசித்தார்கள். அங்கே குழுவின் பெயர் 'பிளாக் டிஸைபிள்ஸ்'. சானல் ஒன் கூடத்துக்கு ஒரு பெயர், ஜோ கிப்ஸுக்கு இன்னொரு பெயர். பல சமயம் ஒரே ஆட்கள்தான் சட்டை மாற்றுவதுபோல் பெயர் மாற்றிக்கொண்டார்கள். பெயர் தயாரிப்பாளரின் சொத்து. ரசிகர் அந்தப் பெயரைத் தேடி வாங்கினார். அடுத்த மாதம் அந்தப் பெயரில் வேறு ஆட்கள் வாசித்தாலும் கேட்பாரில்லை.

இதற்கு மேல் ஒரு சுரண்டலும் உண்டு. அதிலிருந்தே ஒரு கலையும் பிறந்தது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் போடுவார்கள். அதற்கு 'வெர்ஷன்' என்று பெயர். நகரின் வடமேற்கில் வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டிலேயே சிறு கூடம் வைத்திருந்த எலெக்ட்ரீஷியன் கிங் டப்பி இந்த மறுபக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பாஸும் டிரம்ஸும் ஓடிக்கொண்டிருக்க, கிட்டாரின் ஒரே ஒரு வெட்டைத் திறந்துவிட்டு எதிரொலியில் மிதக்கவிடுவார். பிறகு அது காணாமல் போகும். 'டப்' என்ற அந்தப் பாணி இன்றைய நடன இசையின் பாட்டன்களில் ஒன்று. சின்னாவின் கிட்டார் அதில் ஆவிபோல வந்து வந்து போகிறது. வாசித்தது ஒரு தடவை, கூலி ஒரு தடவை. அதே நாடாவிலிருந்து எடுத்த இசைத்தட்டுகளோ பல.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? ஜமைக்கா 1962இல் சுதந்திரம் அடைந்தாலும் அதன் காப்புரிமைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமாகவே தொடர்ந்தது. சொந்தச் சட்டம் வந்தது 1993இல். வாசிப்பவருக்கும் தன் வாசிப்பில் உரிமை உண்டு என்று அது ஏற்றுக்கொண்டபோது ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே மூன்றின் பொற்காலமும் முடிந்திருந்தது.

ஜப்பானிலிருந்து வந்த போட்டி

மார்லியோடு 1976இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சென்ற பயணக் குழுவில் சின்னாவும் இருந்தார். திரும்பி வந்ததும் மற்றவர்கள் செய்யத் தயங்கியதைச் செய்தார்: 'ஹை டைம்ஸ்' என்று சொந்த நிறுவனம், சொந்த வாத்தியக் குழு. கவிஞர் முட்டபருகாவின் கோபமான கவிதைகளுக்கு இசை அமைத்து, 1983இல் 'செக் இட்!' என்ற இசைத்தட்டைத் தயாரித்தார். பாட்டுக்குக் கூலி வாங்கியவர் இப்போது கூலி கொடுப்பவர்.

ஆனால் நேரம் சாதகமாக இல்லை. 1985இல் வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' வந்தது. தயாரித்தவர் கிங் டப்பியிடம் தொழில் பழகிய ஜாமி. பாட்டில் டிரம்ஸ்காரர் இல்லை, பாஸ்காரர் இல்லை, கிட்டார்காரர் இல்லை. காஸியோ எம்.டி.40 என்ற சிறிய ஜப்பானியக் கீபோர்டில் ஏற்கெனவே பதித்து வைத்திருந்த தாளத்தை ஒரு பொத்தானில் தட்டி, வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பாட்டு தீவைக் கலக்கியது. எல்லாத் தயாரிப்பாளர்களும் கணக்குப் போட்டார்கள்: ஐந்து பேருக்குக் கூலி எதற்கு? சான்சரி லேனில் காத்திருந்த தலைமுறையின் வேலை மெல்ல வற்றியது. பலர் வெளிநாடு போனார்கள். பிழைத்தவர்களுக்குச் சோறு போட்டது மேடைப் பயணம்தான். சின்னாவும் 1990களில் மார்லியின் மகன் ஸிக்கியின் குழுவோடு ஊர் ஊராகப் போனார். தந்தைக்கு வாசித்தவர் மகனுக்கும் வாசித்தார்.

முற்றத்தில் முளைத்த கூடம்

ஜமைக்காவில் 'யார்டு' என்பது வெறும் முற்றம் அல்ல. பல குடும்பங்கள் ஒரு குழாயையும் ஒரு அடுப்படியையும் பகிர்ந்துகொள்ளும் சென்னையின் ஒண்டுக் குடித்தனம் போன்றது அது. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு 'யார்டு' என்றால் ஜமைக்காவே. சின்னா தம் வீட்டு முற்றத்தைத் திறந்து வைத்தார். பழைய பாடகர்கள் வந்து உட்கார்ந்தார்கள், இளைஞர்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரான்ஸின் மகாஸவுண்ட் நிறுவனம் அங்கேயே ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தது. 'இன்னா டி யார்டு' என்ற வரிசையில் லின்வால் தாம்ஸன், கிடஸ் ஐ, ஏர்ல் ஸீரோ போன்றவர்கள் தங்கள் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடினார்கள். மின்சாரக் கிட்டார் இல்லை, டிரம்ஸ் செட் இல்லை. மரக் கிட்டாரும் ராஸ்தஃபாரிகளின் வழிபாட்டு மேளங்களும் மட்டும்.

அந்தப் பதிவுகளில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்ட பிறகு கிட்டாரே பாட்டைத் தாங்குகிறது. அந்த நடு வெட்டு அப்படியே இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக டிரம்ஸுக்கும் பாஸுக்கும் பின்னால் ஒதுங்கி நின்றவர் முன்னால் வந்து உட்கார்ந்ததும், பாட்டின் எலும்பு எது என்று தெரிந்துவிடுகிறது. இசைத்தட்டின் அட்டையில் பாடகரின் பெயரோடு அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது.

கிங்ஸ்டனுக்கு இப்போது பட்டங்களுக்குக் குறைவில்லை. 2015இல் யுனெஸ்கோ அதை இசை நகரம் என்று அறிவித்தது. 2018இல் ரெகே மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஹோப் ரோடு 56ஆம் எண் வீட்டில், 1976 டிசம்பரில் மார்லியைச் சுட்ட குண்டுகள் துளைத்த சுவரைப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். பயணத் திட்டத்தில் சான்சரி லேனுக்கு நேரம் ஒதுக்குபவர்கள் குறைவு.

மார்லியோடு சின்னா வாசித்த 1976 மே மாத லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரி, 'லைவ் அட் தி ராக்ஸி' என்று முறைப்படி வெளிவந்தது 2003இல். 27 ஆண்டுகள் நாடாவில் தூங்கிய இசை. பாடகர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் மார்லியின் குரலை ஒரு நிமிடம் விட்டுவிட்டு அடியில் காது கொடுத்தால், எண்ணிக்கைக்கு நடுவே அந்த வெட்டு விழுந்துகொண்டே இருக்கிறது, ஒன்றுகூடத் தவறாமல்.